ஏழாம் நம்பர் புறாவின் வரிகள்

குணவதிக்குப் புறாவைக் கையில் பிடிக்கவும் தெரியும், அதன் சிறுமூளையைத் தலைமுடியின் பாதித் தடிமனுக்குச் சீவவும் தெரியும். முதலாவதை அவள் கட்டிக்கொண்டவன் சொல்லிக்கொடுத்தான். இரண்டாவதை ஆய்வகம் சொல்லிக்கொடுத்தது. இரண்டும் ஒரே ஆளின் கையில் வந்து சேர்ந்ததுதான் வினையாகப் போயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்த் தொட்டியின் குழாய் பிய்த்துக்கொண்டு வாசல்வரை கொட்டாமல் இருந்திருந்தால் அவள் மாடிக்கே போயிருக்க மாட்டாள். வியாசர்பாடியில் அந்த வீட்டு மாடிக் கதவைப் பூட்டி எட்டு வருஷம். தொட்டி கழுவ வருகிறவர்கள்கூடப் பக்கத்து மாடியிலிருந்து தாண்டித்தான் வருவார்கள். பூட்டைத் திறக்கச் சாவி மட்டும் போதவில்லை. தேங்காய் எண்ணெயும் நாலு வசவும் வேண்டியிருந்தது.

திறந்தாள். பாசி பிடித்த தரை, உளுத்துப் போன புறாக்கூண்டு, அதன் மேல் ஒரு புறா.

நீலச் சாம்பல் நிறம். இடது இறக்கையில் ஒரே ஒரு வெள்ளை இறகு. வலது காலில் ஒயரின் நீலத் தோலை நறுக்கிப் போட்ட வளையம். அதில் காய்ச்சிய ஊசியால் எழுதிய எண் எட்ட இருந்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஏழு. அவள் புருஷன் மாசிலாமணி வீட்டை விட்டுப் போன அன்று கையோடு எடுத்துக்கொண்டு போன ஒரே பறவை.

குழாய் கொட்டிக்கொண்டே இருந்தது. கொட்டட்டும் என்று விட்டுவிட்டாள். பின்னாலிருந்து போய், முதுகின் மேல் உள்ளங்கையை வைத்து, கால் இரண்டையும் விரலிடுக்கில் வாங்கிப் பிடித்தாள். எட்டு வருஷம் கழித்தும் கை மறக்கவில்லை. பிடித்ததும் கட்டைவிரல் தானாகக் கழுத்துக்குக் கீழே போயிற்று, இரை சேரும் பைக்கு. "பையைத் தொட்டுப் பாரு குணா," என்பான் அவன். "வழில எவன் ஊட்ல தங்கி எவன் சோத்தத் துன்னுட்டு வந்துச்சுனு அதுவே சொல்லிடும்."

பை காலி. ஒரு மணிகூட இல்லை.

பசியோடு வந்திருக்கிறது. எங்கிருந்து என்று நினைத்ததும் அவள் புறாவோடு அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

*

போனவன் ஏன் போனான் என்பதைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவன்மேல் கோபம் வரும். அவனுக்கு அது நியாயமில்லை.

மாசிலாமணி ஹோமர் புறாப் பந்தயக்காரன். நாக்பூரில் பறக்கவிட்டால் வியாசர்பாடிக்கு வந்து சேரும் புறாக்கள் அவனிடம் இரண்டு இருந்தன, மூன்றாம் நம்பரும் நாலாம் நம்பரும். அவற்றைக் கொஞ்சியதுபோலப் பெண்டாட்டியைக்கூடக் கொஞ்சியதில்லை. ராத்திரி கூண்டுத் தாழ்ப்பாளை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பான். படுத்த பிறகு எழுந்து போய் மூன்றாவது தடவை பார்ப்பான். பூனை பயம். "பூனைக்குப் பயந்து குடித்தனம் பண்ற ஒரே ஆம்பள நீதான்," என்று குணவதி கேலி செய்வாள்.

அவளுக்கு வேலை ஒரு பறவை மூளை ஆய்வகத்தில். செத்த பறவையின் சிறுமூளையைச் சீவிச் சாயம் ஏற்றிக் கண்ணாடித் துண்டில் ஒட்டுவது. சாயம் ஏறினால் வரிக்குதிரைபோலப் பட்டை பட்டையாகத் தெரியும். ஒரு புரதம் நிறைய உள்ள செல்கள் கறுப்பாகவும் குறைவாக உள்ளவை வெளுப்பாகவும், ஒன்று மாற்றி ஒன்று. எல்லாப் புறாவுக்கும் பட்டைகள் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் ஆய்வகத் தலைவர் டாக்டர் பஷீருக்கு ஒரு சந்தேகம் இருந்தது.

"குணவதி, பறக்கும்போது தரை பின்னாடி ஓடுதில்லையா," என்று ஒருநாள் தேநீர் வேளையில் சொன்னார். "அந்த ஓட்டத்தைப் பார்க்கறது இந்தப் பட்டைங்கதான். இடது பக்கம் திரும்பினா ஒரு பட்டை, மேல ஏறினா வேற பட்டை. ஒரே வழியில திரும்பத் திரும்பப் போற பறவைக்கு, அந்த வழி இந்தப் பட்டைக்குள்ள இன்னொரு புரதமாப் படியணும். மரத்துல வருஷ வளையம் படியுற மாதிரி. நல்லா பழகின, தூரம் போய் வந்த புறா ரெண்டு கிடைச்சா போதும். நிரூபிச்சிடுவேன்."

கிடைத்தன. குணவதிதான் கொண்டுபோய்க் கொடுத்தாள். மூன்றும் நாலும். ஏன் செய்தாள் என்று கேட்டால் அவளுக்கே இன்றுவரை ஒரே பதில் வந்ததில்லை. பேராசையில்லை. பொறாமை கொஞ்சம் இருந்திருக்கலாம். ஒரு பெரிய காரியத்தில் தன் கையும் இருக்க வேண்டும் என்ற ஆசை நிச்சயம் இருந்தது. அவனிடம், "பைரி அடிச்சுட்டுப் போயிடுச்சு" என்று சொன்னாள். வடசென்னையில் புறா வளர்க்கிற எவனும் நம்பக்கூடிய பொய் அது. வல்லூறு வந்து அடித்துக்கொண்டு போனால் யாரிடம் போய் முறையிடுவது?

ஒன்பது நாள் மாடியில் நின்று விசிலடித்துக்கொண்டிருந்தான். பத்தாம் நாள் அவள் சாப்பாட்டுப் பையில் இரண்டு நீல வளையங்களைப் பார்த்தான். அவற்றைத் தூக்கி எறிய அவளுக்கு மனம் வரவில்லை. எறிய மனமில்லாமல் வைத்திருந்ததே காட்டிக்கொடுத்தது.

கத்தவில்லை. வளையங்களை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டான்: "வலிச்சுதா அதுங்களுக்கு?"

"இல்ல. தூங்கினாப்பல போயிடும்."

"உனுக்கு?"

அவள் அறிவியல் பேசினாள். மருந்து, மனுஷ உயிர் என்று என்னென்னவோ சொன்னாள். அவன் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை. மறுநாள் காலை மற்றப் புறாக்களை நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டு, ஒரு வயதுகூட நிரம்பாத ஏழாம் நம்பரை அட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போனான். கூண்டுக் கதவு திறந்தே கிடந்தது.

அவள் சொன்ன அறிவியல் பொய்யில்லை. பஷீரின் ஊகம் பலித்தது. வழி காட்டும் செயற்கைக்கோள் சைகையை எல்லோரும் எல்லோருக்கும் மறிக்கத் தொடங்கிய காலம். அது இல்லாமலே புறாவின் பாதைவரிகளை வைத்துக்கொண்டு ட்ரோன்கள் மலையூர்களுக்கு ரத்தமும் விஷமுறிவு மருந்தும் கொண்டுபோயின. ஜவ்வாது மலையில் பிரசவத்தில் பிழைத்த ஒருத்தி பிள்ளைக்குப் புறா என்றே செல்லப்பெயர் வைத்தாளாம். இன்னொரு பக்கம், கூண்டு வண்டியோடு ஆட்கள் தெருத்தெருவாக வந்து பழகிய ஹோமர்களையெல்லாம் வாங்கிப் போனார்கள். வியாசர்பாடி மாடிகள் மொட்டையாயின. பந்தய கிளப்புகள் மூடின. தெருவில் குணவதிக்கு "சிறுமூளைக்காரி" என்று பெயர் நிலைத்தது. முகத்துக்கு நேரே யாரும் சொல்லமாட்டார்கள். முதுகுக்கு நேரே சொல்வார்கள்.

எட்டு வருஷமும் அவள் தேடினாள். மாதவரத்தில் இருந்த அவன் அக்கா வீட்டுக்குப் போனால் கதவையே திறக்கவில்லை. போன் எண் இல்லை, கடிதம் இல்லை. தேடித் தேடி ஓய்ந்தாள் என்று சொல்லலாம். ஏங்குவதை மட்டும் அவளால் நிறுத்த முடியவில்லை. சாயந்தரம் எந்த வீட்டு மாடியிலாவது விசில் கேட்டால் அவள் கையிலிருப்பது நழுவும்.

*

ஏழாம் நம்பருக்குக் கம்பு வாங்கி வந்தாள், சோளமும் கொண்டைக்கடலையும் கலந்தாள். அது தின்கிற அழகைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கூண்டைத் தானே ஆணியடித்துச் சரிசெய்தாள். தாழ்ப்பாளை மூன்று தடவை இழுத்துப் பார்த்தாள்.

பக்கத்து மாடியில் துணி உலர்த்த வந்த ஜெயக்கொடி கைப்பிடிச் சுவரில் சாய்ந்தாள். அந்தத் தெருவில் குணவதியோடு பேசுகிற ஒரே ஆள்.

"யக்கா, இன்னா திடீர்னு புறா வளக்குற?"

"வளக்கல. வந்துகீது."

"பறக்க வுட்டுப் பாரேன். எங்கேர்ந்து வந்துச்சோ அங்க போவும்ல? பின்னாலயே ஒரு ஆட்டோ புடிச்சுக்க."

குணவதி சிரித்துவிட்டாள். "ஹோமர் ஒரு வழிதான் ஜெயா. குஞ்சுல எந்த மாடிலேர்ந்து மொதமொதல்ல பறந்துச்சோ அதான் அதுக்கு வூடு. எங்க கொண்டுபோயி வுட்டாலும் வூட்டுக்கு வரும். வூட்லேர்ந்து எங்கியும் போவாது. இதுக்கு வூடு இந்த மாடிதான்."

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. வயிறு நிறையத் தீனி வைத்துவிட்டுக் கூண்டைத் திறந்தாள். புறா எழும்பி இரண்டு சுற்றுச் சுற்றியது. மேற்கே கொஞ்ச தூரம் போவதுபோலிருந்தது. அப்புறம் சாவதானமாகத் திரும்பி வந்து கூண்டின் மேலேயே உட்கார்ந்தது. நாலு நாள் இப்படிச் செய்து பார்த்தாள். நாலு நாளும் வயிறு நிறைந்த புறா அவளிடமே வந்தது.

"பாத்தியா," என்றாள் ஜெயக்கொடியிடம். பெருமையாகச் சொல்ல வந்தவள் கூண்டுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவன் எங்கே இருக்கிறான் என்று தெரிந்த ஒரே உயிர் அவள் கையில் உட்கார்ந்து கம்பு கொத்துகிறது. ஆனால் அது வாய் திறந்து சொல்லாது. அது சொல்லக்கூடிய ஒரே இடம் எது என்று உலகத்தில் வேறு எவரையும்விடக் குணவதிக்குத்தான் நன்றாகத் தெரியும்.

இரண்டு வாரம் அந்த நினைப்பை விரட்டினாள். மூன்றாவது வாரம் பஷீரிடம் போய் நின்றாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உயிரோட இருக்கும்போது பார்க்க முடியாதுன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும் சார்."

"அது முகவரி எழுதின காகிதம் இல்ல. பாதைதான் தெரியும், ஆள் தெரியமாட்டாரு. அவரு அதை யாருக்காவது கொடுத்திருக்கலாம். இல்ல..."

"உயிரோட இல்லாம இருக்கலாம். அதையும் நெனச்சுட்டேன் சார்."

"அப்ப இன்னும் ஒண்ணு நினைச்சுப் பாருங்க. எதுக்காக அவரு போனாரோ, அதையே செஞ்சுதான் அவரைக் கண்டுபிடிக்கப் போறீங்க."

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "எட்டு வருஷம் சார். எனுக்கு வேற வழி தெரியல."

மனுஷன் நல்லவர்தான். அதற்கு மேல் தடுக்கவில்லை. தடுத்திருக்கலாம்.

மறுநாள் காலை ஏழாம் நம்பருக்குக் கடைசியாகக் கம்பு வைத்தாள். ஆய்வகத்தில் அதைத் தூங்க வைத்தது அவள்தான். கையில் அது சூடு ஆறுகிறவரை பிடித்திருந்ததும் அவள்தான். வேறொருவர் கையில் விட மனமில்லை. கட்டைவிரல் வழக்கம்போல் கழுத்துக்குக் கீழே போயிற்று. பை நிறைந்து, உருண்டையாக, கல்லு கல்லாகத் தட்டுப்பட்டது.

பிறகு அழுதாள். அழுது முடித்துக் கையைக் கழுவிவிட்டுச் சீவ உட்கார்ந்தாள். கை நடுங்கவில்லை. அதுதான் அவளுக்கு அவமானமாக இருந்தது.

*

ஆறு நாள் கழித்து பஷீர் கூப்பிட்டார். திரையில் சென்னையின் வரைபடமும் அதன் மேல் ஒரு தடித்த கோடும் இருந்தன.

"பெரிய தண்ணீர்ல ஆரம்பிக்குது. பூண்டி ஏரி. அப்புறம் கால்வாயோட கூடவே புழல் ஏரி வரைக்கும். அங்கேர்ந்து உங்க வீடு. பூண்டி ஏரியோட தெற்குக் கரையில ஒரே இடத்துல சுத்திச் சுத்தி இறங்கியிருக்கு. அரை கிலோமீட்டருக்குள்ள சொல்லிடலாம்."

பூண்டி. ரயிலில் ஒன்றரை மணி நேரம், பஸ்ஸில் அரை மணி நேரம். எட்டு வருஷமாக இவ்வளவு பக்கத்திலா?

"ஆனா ஒண்ணு எனக்குப் புரியல," என்றார் பஷீர். "ஹோமர் ஒரு வழின்னு நீங்கதானே சொல்வீங்க? இதுல வரிங்க ரெண்டு திசையிலயும் படிஞ்சிருக்கு. தரை முன்னேயிருந்து பின்னே ஓடினதும் இருக்கு, அதே தரை மறுபடி தலைகீழா ஓடினதும் இருக்கு. போயிருக்கு, வந்திருக்கு. சமமா. அடுக்கை எண்ணிப் பார்த்தேன். தொண்ணூறு தடவைக்கு மேல."

குணவதி திரையிலிருந்த கோட்டின் மேல் விரலை வைத்தாள்.

ஒரு பழைய காட்சி அவள் கண்முன் வந்தது. கல்யாணமான புதிதில் மாசிலாமணி ஒரு பைத்தியக்காரத்தனம் செய்தான். மாதவரத்து அக்கா வீட்டில் மட்டும் தீனி வைப்பான், வியாசர்பாடியில் வைக்கமாட்டான். ஒரு புறா பசித்தால் மாதவரம் போய்த் தின்றுவிட்டு, வீட்டு நினைப்பு வந்தால் வியாசர்பாடி வரும். கிளப்பில் எல்லோரும் சிரித்தார்கள். "பந்தயத்துக்கு ஆவாது மாசி, இது டவுன் பஸ்ஸு" என்றார்கள். அவளும்தான் சிரித்தாள். "புறாவுக்கு ரெண்டு சம்சாரம் கட்டி வெச்சுகீற." அவன் மட்டும் விடாமல் சொன்னான்: "வூடு ஒரு எடத்துல, சோறு ஒரு எடத்துல இருந்தா அது போவும், வரும். வூட்ல சோறு போட்டா போவாது. அவ்ளோதான் சூட்சுமம்."

வீட்டில் சோறு போட்டால் போகாது. அவள் வயிறு நிறைய வைத்திருந்தாள், நாலு நாளும்.

சாயந்தரம் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த ஜெயக்கொடியிடம் கேட்டாள்: "ஜெயா, நீ இந்த வூட்டுக்கு வந்து எவ்ளோ நாளாச்சு?"

"ரெண்டு வருஷம்."

"அந்தப் புறாவ முன்னாடி பாத்துகீறியா?"

"அது மாசாமாசம் வருமேக்கா, மொத ஞாயித்துக்கெழம. காலைல வந்து அந்தக் கூண்டு மேல குந்தினு கெடக்கும். எங்கூட்டு அரிசியக்கூடத் தொடாது. வெயில் சாயறப்ப போயிடும். ஒனக்குத் தெரியும்னு நெனச்சேன். ஒன் மாடி தான?"

*

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை. பூண்டிக் கரையில் பஸ்ஸை விட்டு இறங்கி, தேநீர்க் கடையில் புறா வளர்க்கிறவர் யாரென்று கேட்டாள். கொய்யாத் தோப்புக் காவல்காரர் என்று கைகாட்டினார்கள்.

முள்கம்பி வேலி, இரும்புக் கதவு, உள்ளே ஓட்டு வீடு. கூரையில் ஒரே ஒரு பெட்டைப் புறா கிழக்கே பார்த்து உட்கார்ந்திருந்தது. அதன் கீழே மாசிலாமணி நின்றான், அவனும் கிழக்கே பார்த்துத்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. உடம்பு இளைத்திருந்தது. குணவதிக்கு அந்த முதுகைப் பார்த்ததும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும்போலிருந்தது.

கதவு கிறீச்சிட்டது. திரும்பினான்.

முதலில் அவன் முகம் மலர்ந்ததே, அதை அவள் சாகிறவரை மறக்கமாட்டாள். எட்டு வருஷத்தையும் ஒரே நொடியில் தள்ளிவிட்டு வந்த முகம். அப்புறம் அந்த முகம் யோசித்தது. இவளுக்கு வழி எப்படித் தெரிந்தது என்று யோசித்தது. கண் அவள் தோளுக்குப் போயிற்று, கைக்குப் போயிற்று, பைக்குப் போயிற்று. கூடை இல்லை, பெட்டி இல்லை.

"போன மாசம் போனது வரல," என்றான் மெதுவாக. "மழையில எங்கனா ஒதுங்கியிருக்கும்னு பாத்துனு கீறேன்." அவள் கையை மறுபடி பார்த்தான். "ஏழு எங்க குணா?"

அவள் வாயைத் திறந்தாள். பைரி என்று ஒரு பொய் உலகத்தில் இருந்தது. அதை இன்னொரு தடவை சொல்ல அவளால் ஆகவில்லை.

கைப்பையைத் திறந்து நீல வளையத்தை எடுத்து நீட்டினாள்.

அவன் வாங்கிக்கொள்ளவில்லை. அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"மாசாமாசம் பட்டினியாத்தான் அனுப்புவேன்," என்றான். குரல் அவளிடம் பேசுவதுபோல இல்லை. "அங்க நீ ரெண்டு கம்பு போட்டா போதும். அத்தத் துன்னுட்டு ஒரு நாள் லேட்டாவாச்சும் இங்க வந்துடும்னு நெனச்சேன். அதோட பொண்டாட்டி இங்க கீதுல்ல. வந்தா பையத் தொட்டுப் பாப்பேன். நெறைஞ்சிருந்தா நீ பாத்துட்டேன்னு அர்த்தம். நானும் கெளம்பி வந்துடலாம்னு. ஒவ்வொரு வாட்டியும் காலியாத்தான் வரும். சரி, இன்னும் கோவம் ஆறலனு நெனச்சுப்பேன்."

"எனுக்கு இன்னா கோவம்? நான் மாடிக் கதவையே..." முடிக்க முடியாமல் அவளுக்கு அழுகை பொங்கியது.

அவன் காத்திருந்தான். அவள் அடங்கியதும், எட்டு வருஷத்துக்கு முன்னால் மேசையருகே கேட்ட அதே குரலில் கேட்டான்: "கடைசில பை நெறைஞ்சிருந்துதா?"

"இருந்துது. கம்பு. நான்தான் வெச்சேன்."

அவன் தலையை ஆட்டினான். வளையத்தை அவள் கையிலிருந்து எடுத்துக்கொண்டு, கூரையை ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டு, வீட்டுக்குள் போனான். வா என்றும் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

பெட்டைப் புறா இன்னும் கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தது. இரும்புக் கதவு அவளுக்குப் பின்னால் திறந்தே கிடந்தது. பூனை வரும், திறந்தபடி விடக் கூடாது. குணவதி தாழ்ப்பாளில் கையை வைத்தாள். உள்ளே நின்று போடுவதா, வெளியே போய்ப் போடுவதா என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.